‘ஏலே’ என்று கூப்பிட்ட வாய்

முக்கூடல் பக்கத்துக் கிராமத்துத் தாய் ஒருவர் சொல்லச் சொல்ல, அவருடைய மூத்த மகள் எழுதி அனுப்பிய கடிதம் இது. ஆள் பெயர், ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

“எனக்கு 51 வயது. பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தேன். வீட்டுக்காரர் என் சொந்த அத்தை மகன்தான். தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. மூத்தவளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவளுக்கு ஒரு பையன். அடுத்தது மகன், 23 வயது. டிப்ளமோ முடித்துக் கோயம்புத்தூரில் வேலை. இந்தப் பொங்கலுக்கு முடி வளர்த்துக்கொண்டு வந்தான். ராத்திரி அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘எம்மா, நான் பொம்பளப் பிள்ளைதான். சின்னதுலேருந்தே அப்படித்தான். ஆச்சி பேரை வச்சிருக்கேன். நீயும் அப்படியே கூப்பிடு’ என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் ஆம்பளப் பிள்ளையைக் கூப்பிடுகிற ‘ஏலே’தான் வருகிறது. போனில் அப்படிச் சொன்னதும் அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோகிறது. ஆச்சி பேர் என்றால் என் மாமியார் பேர். அதை நான் வாயால் சொன்னதே கிடையாது. என் கொழுந்தனார் தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். ‘ஆண்பால் ஆண்பால்தான், இலக்கணத்தையே மாத்துவீங்களா’ என்கிறார். டாக்டரிடம் காட்டு என்கிறார் ஒருத்தர், கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரி என்கிறார் இன்னொருத்தர். பேரன் இனிமேல் மாமா என்பானா, சித்தி என்பானா? சித்திரையில் எங்கள் கோயில் கொடைத் திருவிழா. வரி பிரிக்க வந்தவர்கள் ‘நோட்டீஸில் மகன் பேரையும் போடவா’ என்று கேட்டார்கள். அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். எனக்குக் கொள்ளி வைக்க ஆள் இல்லாமல் போய்விட்டதா?”

அன்புள்ள அக்காவுக்கு,

அடிக்கவில்லை, திட்டவில்லை என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இருபது வருஷமாகப் பாளையங்கோட்டையில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். வீட்டில் சொன்ன அன்றைக்கே அடி வாங்கி, போட்ட துணியோடு ஜங்ஷனில் ரயிலேறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளை பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறது, அடுப்படியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லலாம் என்ற தைரியம் அந்தப் பிள்ளைக்கு உங்களிடமிருந்துதான் வந்திருக்கும்.

இனி ‘அவள்’ என்றே எழுதுகிறேன். அவள் கேட்டது அதைத்தான்.

முதலில் டாக்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, இதை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. 2022 முதல் அந்தப் பட்டியல்தான் நடப்பில் இருக்கிறது. ‘பையனாக மாற்றித் தருகிறேன்’ என்று யாராவது ஊசியோ மாத்திரையோ மந்திரமோ சொன்னால், காசையும் கொடுக்காதீர்கள், பிள்ளையையும் கொடுக்காதீர்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அப்படி மாற்றப் பார்க்கும் சிகிச்சைகளைத் தடை செய்ய உத்தரவிட்டார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையம், அதைச் செய்கிற டாக்டர் தொழில் ஒழுக்கம் மீறியவர் என்று அறிவித்தது. அந்த நீதிபதியைப் பற்றி உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விஷயம் தனக்கே முழுசாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளர் முன்னால் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்த பிறகுதான் அவர் அந்த உத்தரவை எழுதினார். ஒரு நீதிபதிக்கே அவ்வளவு தேவைப்பட்டது என்றால், உங்களுக்குச் சில மாதம் பிடிப்பதில் என்ன குறை?

அவளாக உடம்பு மாற்றத்துக்கு மருந்து எடுக்க நினைத்தால், அதைக் கடையில் வாங்கித் தானே போட்டுக்கொள்ளாமல் முறையான மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் டாக்டர் போதும். கோயிலுக்குத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ‘மாற்றிக் கொடு’ என்ற வேண்டுதல் மட்டும் வேண்டாம்.

சரி, இப்போது வாய்க்கு வருவோம். உங்கள் கடிதத்தின் பாரமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் உங்கள் சொந்த அத்தை மகன். சின்ன வயதில் ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போதும், மாம்பிஞ்சுக்குச் சண்டை போடும்போதும் அவரை ‘வாலே, போலே’ என்றுதானே பேசியிருப்பீர்கள்? தாலி ஏறின அன்றைக்கே அவர் ‘அவிய’ ஆகிவிட்டார். ‘வந்தான்’ என்று சொன்ன அதே வாய் ‘வந்தாவ’ என்று சொன்னது. ஒரே நாளில் பெயரும் போய், ‘லே’யும் போய், வினைச்சொல்லின் வாலும் மாறியது. ஒரு தடவை கூட உங்களுக்குத் தப்பு வரவில்லையா? வந்திருக்கும். வந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றிச் சொல்லியிருப்பீர்கள். நம் பக்கத்துப் பெண்கள் உறவு மாறும்போதெல்லாம் சொல்லை மாற்றிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை இப்போது உங்கள் மகளுக்காக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

எங்கே தொடங்குவது? அவளிடம் நேரே பேசும்போது தமிழ் உங்களுக்கு ரொம்ப உதவி செய்கிறது. ‘நீ’ என்ற சொல்லில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வா, போ, சாப்பிட்டியா, தூங்கினியா, எதிலும் இல்லை. ஆண் என்று காட்டுவது நம் ஊர் ‘லே’ ஒன்றுதான். அதனால் முதல் வாரம் ‘லே’யை விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “சாப்பிட்டியாலே” என்பது “சாப்பிட்டியா” ஆகட்டும். அந்த இடம் கொஞ்ச நாள் வெறுமையாக இருக்கும், பேச்சே வேற்று ஊர்ப் பேச்சு மாதிரித் தோன்றும். ஏனென்றால் நமக்கு ‘லே’ என்பது வெறும் சொல் இல்லை, அதில்தான் பாசத்தை வைத்திருக்கிறோம். அந்தப் பாசத்தை வைக்க வேறு இடம் வேண்டும். மூத்தவளை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? ‘ஏட்டி’ என்றா, ‘ஏளா’ என்றா? அதையே கொடுத்துப் பாருங்கள். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, ஆறு மாதம் மகளைப் பெயர் சொல்லியும் கூப்பிடாமல் ‘இந்தா பாரு’ என்றே ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் என் அறை வாசலில், பையை மறந்து வைத்துவிட்டுப் போன மகளைப் பார்த்து, “ஏட்டி, பையை விட்டுட்டுப் போற” என்று கத்திவிட்டார். அந்தப் பெண் திரும்பி வந்து பையை எடுக்கவில்லை, அம்மாவின் கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து அந்தப் பெயர். மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது என்று முப்பது வருஷமாக இருக்கிறீர்கள். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் மாமியார் பேரைப் பேத்திக்கு வைப்பது நம் ஊரில் இன்றைக்கு நேற்று வந்த வழக்கமா? வைத்துவிட்டு, அந்தப் பேரைச் சொல்ல முடியாத மருமகள்கள் அத்தனை பேரும் பாப்பா, தங்கம், அம்மாளு என்று ஒரு கூப்பிடு பெயரை வைத்துச் சமாளித்தவர்கள்தானே? நீங்களும் ஒன்று வையுங்கள். ஆச்சி பேர் ஆதாருக்கும் ஆபீசுக்கும் இருக்கட்டும், வீட்டுப் பேர் அம்மா வைத்ததாக இருக்கட்டும். அவளிடம் “அத்தை பேரை நான் எப்பிடிச் சொல்லுவேன், உனக்கு நான் ஒரு பேரு வைக்கட்டா?” என்று கேளுங்கள். தன் பெயரைத் தானே தேடி வைத்துக்கொண்ட பிள்ளை அவள். அம்மா வாயிலிருந்து ஒரு பெண்பிள்ளைப் பெயர் வந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அவளைப் பற்றிப் பிறரிடம் பேசும்போதுதான் தமிழ் கொஞ்சம் கண்டிப்பு காட்டும். வந்தான், வந்தாள், வந்தார் என்று வினைக்கு வினை சொல்லியாக வேண்டும். ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள். ‘அவன் வந்தான்’ என்பதில் கடைசியில் மூக்கில் ஓர் ஒலி நிற்கிறது. ‘அவ வந்தா’ என்பதில் அது இல்லை. பேச்சில் அவ்வளவுதான் வித்தியாசம். சின்னவன், சின்னவ. போறான், போறா. மூக்கை மூடிய மாதிரி அந்த ‘ன்’னை விட்டால் போதும்.

இதை அவள் இல்லாதபோது பழகுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். பல வீடுகளில் பிள்ளை முன்னால் ‘அவள்’ என்றும், அவள் அந்தப் பக்கம் போனதும் ‘அவன்’ என்றும் பேசுகிறார்கள். அப்படிப் பேசினால் வாய் பழகவே பழகாது. முன்னால் பேசும் ஒவ்வொரு முறையும் யோசித்து, தடுக்கி, முகம் வெளுத்துத்தான் வரும். பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும்போது மூத்த மகளோடு பேச்சுக் கொடுங்கள். “சின்னவ போன் பண்ணினாளா? என்ன சொன்னா? எப்ப வாரா?” ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னால் போதும். நீங்கள் பீடி பழகிய புதிதில் சுற்றியதெல்லாம் கோணலாகத்தானே வந்திருக்கும்? பிரித்து மறுபடி சுற்றினீர்கள். இலையைப் பார்க்காமலே விரல் எப்போது ஓட ஆரம்பித்தது என்று உங்களுக்கே நினைவிருக்காது.

தப்பு வரும்போது ஒன்று செய்யாதீர்கள். “ஐயோ, இந்தப் பாவி வாய்க்கு வரமாட்டேங்குதே” என்று அழக்கூடாது. நீங்கள் அழுதால் அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். காயம்பட்டது அவள், மருந்து போடுவதும் அவளா? “அவன்... அவ நேத்து வந்தா” என்று அதே மூச்சில் திருத்திவிட்டுக் கதையைத் தொடருங்கள். நானும் இதில் தவறியிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன், காத்திருந்த ஒரு பெண்ணைப் பதிவேட்டில் இருந்த பழைய பெயரைச் சொல்லி, ‘வாங்க தம்பி’ என்று பத்துப் பேர் முன்னால் கூப்பிட்டேன். அவள் எழுந்து வெளியே போனவள் இரண்டு மாதம் வரவில்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதல் கேள்வி, “உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும்?” என்பதுதான்.

இனி உங்கள் கொழுந்தனார். தமிழ் படித்தவர் என்பதால் அவருக்குத் தமிழிலேயே பதில் இருக்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய இலக்கணம் தொல்காப்பியம். அதன் சொல்லதிகாரத்தில் முதல் இயல் கிளவியாக்கம். அங்கே நான்காவது நூற்பா, ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் சொல்லுக்குத் தனி விகுதி இல்லை, அது உயர்திணைக்குரிய முடிவையே கொள்ளும் என்கிறது. பன்னிரண்டாவது நூற்பா இன்னும் தெளிவு. அந்தப் பெயர் ஆண்பால் முடிவோடு சேராது என்கிறது. அதாவது, ‘வந்தான்’ என்று சொல்லாதே என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். பழைய உரைகாரர்கள் அங்கே பயன்படுத்தும் பெயர்ச்சொல் இன்றைக்குப் புண்படுத்தும், அதனால் அதை நான் எழுதவில்லை. ஆனால் விதி விதிதான். சாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், அந்த இரண்டு நூற்பாவையும் எடுத்துப் பார்க்கட்டும். நம் மொழி இவர்களை மறந்துவிட்டு இலக்கணம் எழுதவில்லை.

அந்த நான்காவது நூற்பா இன்னொரு இடத்திலும் உதவும். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலோ, கொடைக்கு வந்த இடத்திலோ யாராவது அவளை ‘அது’ என்று சொல்லக்கூடும். ‘அது’ அஃறிணை, அந்த நூற்பா சொல்வதோ உயர்திணை. நம் வீடுகளில் ‘பிள்ளை தூங்குது’, ‘அது இன்னும் சாப்பிடலை’ என்று செல்லமாகச் சொல்வது உண்டு. நானே இந்தப் பதிலின் தொடக்கத்தில் ‘பிள்ளை வந்திருக்கிறது’ என்றுதான் எழுதினேன். தாய் சொல்லும் ‘அது’ வேறு. தெருவில் திருநங்கைகளைப் பார்த்துச் சொல்லும் ‘அது’ வேறு. அதில் மனுஷியே இல்லை என்ற அர்த்தம் இருக்கிறது. அவள் அந்த ‘அது’வைக் கோயம்புத்தூரில் பஸ்ஸுக்குப் பஸ் கேட்டிருப்பாள். அதனால் கொஞ்ச காலத்துக்கு உங்கள் செல்ல ‘அது’வையும் தள்ளி வையுங்கள். வேறு யாராவது சொன்னால், சண்டை வேண்டாம், “என் மக பேரைச் சொல்லிக் கேளுங்க” என்று ஒரு தடவை சொன்னால் போதும். நீங்கள் சொல்வதைத்தான் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

‘அவள்’ என்று சொல்லக் கூச்சப்படுகிற உறவினர்கள் ‘அவங்க வந்தாங்க’ என்று மரியாதைப் பன்மையில் சொல்லட்டும். அதில் ஆண் பெண் இல்லை. ஆணுமில்லை பெண்ணுமில்லை என்று தன்னை உணர்கிறவர்கள் பலரும் அதையே விரும்பிக் கேட்பார்கள். ஆனால் உங்கள் வீட்டில் மூத்தவள் ‘அவள்’, சின்னவள் மட்டும் ‘அவங்க’ என்றால் அவளுக்கு அது மரியாதையாகப் படாது, வாசலிலேயே நிறுத்திவைத்த மாதிரி இருக்கும்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்கு எத்தனை வயது என்று எழுதவில்லை. பத்து வயதுக்குள் என்றால் உங்களுக்குக் கவலையே வேண்டாம். ‘மாமா பொண்ணுதான், இனிமே சித்தி’ என்று அவன் அம்மா ஒரு தடவை சொன்னால், ‘சித்தி எனக்கு என்ன வாங்கிட்டு வந்திருக்கா’ என்பதுதான் அவன் அடுத்த கேள்வியாக இருக்கும். பெரியவர்களுக்குத்தான் இதில் சிக்கல். மாமா சித்தி ஆனால் தாய்மாமன் இடம் என்ன ஆகும், முறை என்ன ஆகும், காது குத்துக்கு மடியில் வைப்பது யார்? உங்கள் மூத்த மகள் இதைத்தான் கேட்க நினைத்து, பாதியில் விட்டிருக்கிறாள் என்று எனக்குப் படுகிறது. தாய்மாமன் இல்லாத வீடுகளில் நம் ஊரில் என்ன செய்கிறோம்? ஒன்றுவிட்ட மாமன் வந்து உட்காருவார், இல்லையென்றால் சித்தி சீர் கொண்டுவருவாள். எந்தக் காதும் குத்தாமல் நின்றதில்லை. சீர் செய்ய அவளுக்கு ஆசை இருந்தால் செய்யட்டும், எந்த உறவாக நின்று செய்வது என்பதை அக்கா தங்கை இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும்.

கொள்ளி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை எழுதும்போது உங்களுக்குத் தொண்டை அடைத்திருக்கும். 23 வருஷம் மகன் என்று நினைத்து வளர்த்திருக்கிறீர்கள், அந்த நினைப்பு போவது ஒரு சாவு மாதிரியேதான் வலிக்கும். அழ வேண்டும் என்றால் அழுங்கள். மூத்தவளிடம் அழுங்கள், என்னிடம் வந்து அழுங்கள். ராத்திரி தூக்கம் வராமல் நெஞ்சு படபடத்தால் 14416 என்ற அரசாங்க எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். சின்னவளிடம் மட்டும் ‘என் மகன் செத்துட்டான்’ என்று சொல்லிவிடாதீர்கள். உயிரோடு முன்னால் நிற்கிற பிள்ளை அவள். கொள்ளிக்கு ஆள் இல்லாமல் போகவில்லை அக்கா. மகன் இல்லாத வீடுகளில் மகள் கொள்ளி வைப்பதை இப்போது நம் பக்கத்திலும் பார்க்கிறோம். உங்களுக்கு இரண்டு மகள்கள். இதை ஒருநாள், இப்போது இல்லை, நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒருநாள், அவளிடமே கேளுங்கள்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் தன் பாலினம் என்னவென்று சொல்வது அவருடைய உரிமை, அதற்கு அறுவை சிகிச்சை நிபந்தனை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு முன்பிருந்தே ஏப்ரல் 15-ஐத்தான் தமிழ்நாடு திருநங்கையர் தினமாகக் கொண்டாடுகிறது. திருநங்கையருக்கென நல வாரியம் 2008-லிருந்தே நம் மாநிலத்தில் இருக்கிறது. பக்கத்துத் தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டு, பதிவு செய்ய மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். சட்டத்தில் ‘மணமகள்’ என்று இருக்கும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019-இல் நீதிமன்றம் சொல்லிப் பதிவு செய்ய வைத்தது. பெயர் மாற்றம், அடையாளச் சான்று இவற்றுக்கெல்லாம் விதிகள் அவ்வப்போது மாறும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மாவட்ட சமூக நல அலுவலர் யார் என்று கேட்டு, அவரிடமே நேரில் விசாரிப்பது நல்லது.

கடைசியாகக் கொடை நோட்டீஸ். ஆச்சி பேரை இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நோட்டீஸ் ஊர் முழுக்கப் போகும். ஊருக்குத் தெரிய வேண்டுமா, எப்போது தெரிய வேண்டும் என்பது அவள் முடிவு. அவள் வேலை, அவள் தங்கியிருக்கும் இடம், திரும்பி வரும் வழி எல்லாம் அதில் இருக்கிறது. இன்றைக்கே போன் செய்யுங்கள். பழைய பேரைப் போட விடமாட்டேன், புதுப் பேரைப் போடவா, இல்லை இந்த வருஷம் என் பேரில் மட்டும் வரி கட்டட்டா என்று கேளுங்கள். என்ன சொல்கிறாளோ அதைச் செய்யுங்கள். போனை எடுத்ததும், “ஏட்டி, சாப்பிட்டியா” என்று கேட்டுவிட்டு நோட்டீஸ் பேச்சுக்குப் போங்கள்.